ஸ்பானியர்கள் ஊர் கட்டிய வழியில்: மெக்சிகோ பயணக் குறிப்புகள்

வெராக்ரூஸ், சனி இரவு

மெக்சிகோ வருகிறவர்கள் பெரும்பாலும் கான்குன் கடற்கரைக்கோ தலைநகருக்கோதான் போகிறார்கள். நான் வெராக்ரூஸில் ஆரம்பிக்கிறேன், ஸ்பானியர்கள் இந்த நாட்டில் காலூன்ற ஆரம்பித்தது இங்கே என்பதால். இங்கிருந்து மலையேறித் தலைநகர், அங்கிருந்து வடக்கே வெள்ளிச் சுரங்க ஊரான சகதேகாஸ். முடிந்தவரை அன்றன்று இரவே எழுதிப் போட்டுவிடுகிறேன்.

எனக்கு ரொம்ப நாளாக ஒரு கேள்வி. கப்பலில் வந்த சில நூறு பேர் எப்படி ஒரு கண்டம் முழுக்க ஊர் ஊராக உட்கார முடிந்தது? துப்பாக்கி, குதிரை, அம்மை நோய் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்த பதில் தப்பில்லை, ஆனால் போதவில்லை. கொள்ளையடிக்க வந்தவன் அடித்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். இவர்கள் கிளம்பவில்லை, சதுக்கம் அளந்தார்கள், நகரசபை வைத்தார்கள், மனை பிரித்தார்கள். அது ஏன், எப்படி என்று அந்தந்த இடத்திலேயே நின்று பார்க்க வேண்டும்.

மதியம் சான் ஹுவான் தே உலுவா கோட்டைக்குப் போனேன். முன்பு தனித் தீவு, இப்போது துறைமுகத்தோடு சேர்த்துவிட்டார்கள். சுவரைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். கடலுக்கடியிலிருந்து வெட்டி எடுத்த பவளப் பாறை. கல்லுக்குக் கல் நெளிநெளியாக வரிகள், சுண்டுவிரல் நுழைகிற துளைகள், உப்புக் காற்றில் ஓரமெல்லாம் பொரிந்து உதிர்கிறது. மெக்சிகோ சுதந்திரம் அடைந்து நாலு வருடம் ஆன பிறகும், 1825 நவம்பர் வரை, இந்தக் கோட்டையை மட்டும் ஸ்பானியப் படை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

1519 ஏப்ரலில், புனித வெள்ளிக்கு முந்தைய நாள், மெக்சிகோவைப் பிடித்த ஸ்பானியத் தலைவன் கோர்த்தேஸின் கப்பல்கள் இந்தத் தீவோரம் நங்கூரம் போட்டன. பதினொரு கப்பல், 500 பேருக்குச் சற்றுக் கூட, 16 குதிரை. கொலம்பஸ் வந்து அப்போதே 27 வருடம் ஆகியிருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. அந்த 27 வருடமும் கரீபியத் தீவுகளில் இவர்கள் குடியேற்றத்தைச் செய்து பழகிவிட்டார்கள். சாண்டோ டொமிங்கோவில் ஊர் கட்டி, அந்தத் தீவின் தைனோ மக்களை ஆளுக்கு இத்தனை பேர் என்று குடியேறிகளுக்குப் பிரித்துக் கொடுத்து ஆற்று மணலில் தங்கம் அரிக்க வைத்தார்கள். வேலையிலும் பசியிலும் நோயிலும் அந்த மக்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தார்கள். 1511 டிசம்பரில் மொண்டெசினோஸ் என்ற டொமினிக்கன் துறவி பிரசங்க மேடையிலேயே நின்று "இவர்கள் மனிதர்கள் இல்லையா?" என்று கேட்டார். கேட்டவர்கள் கோபப்பட்டார்கள். தங்கமும் தீர்ந்துகொண்டே வந்தது, ஆளும் தீர்ந்துகொண்டே வந்தார்கள், அதனால் அடுத்த தீவு, அதற்கடுத்த தீவு, போர்ட்டோ ரிகோ, ஜமைக்கா, கியூபா, கடைசியில் இந்தக் கரை.

பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அரசர் பெரும்பாலும் அனுமதிப் பத்திரம்தான் கொடுப்பார், காசு கொடுக்க மாட்டார். கிடைப்பதில் ஐந்தில் ஒரு பங்கு அவருக்கு. கப்பல், சாப்பாடு, குதிரை எல்லாம் போகிறவர்கள் கடன் வாங்கியோ கூட்டுச் சேர்ந்தோ போட வேண்டியது. சிப்பாய்க்குச் சம்பளம் கிடையாது, பங்குதான். அப்படி வந்தவன் வெறுங்கையோடு திரும்பினால் கடன்காரன் வாசலில் நிற்பான்.

மாலையில் கடற்கரைச் சாலையில் காபி குடித்தேன். கண்ணாடித் தம்ளரில் கொஞ்சம் டிகாக்‌ஷன் மட்டும் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கரண்டியால் தம்ளரைத் தட்டினால் பால் கெட்டிலோடு ஒருவர் வந்து உயரத்திலிருந்து ஊற்றுகிறார். கடை முழுக்க அந்த டிங் டிங் சத்தம்.

லா அந்திகுவா, ஞாயிறு

வெராக்ரூஸ் இடம் மாறிக்கொண்டே இருந்த ஊர். முதலில் கோட்டைக்கு எதிரே மணலில் பேருக்கு ஓர் ஊர், அப்புறம் வடக்கே கியாவிஸ்த்லான் மலையடிவாரம், 1525 வாக்கில் இந்த லா அந்திகுவா ஆற்றங்கரை, 1600ஐ ஒட்டி மறுபடி இப்போதிருக்கும் துறைமுகத்துக்கு. எல்லோரும் விட்டுப் போனதால் லா அந்திகுவா இன்றைக்கும் கிராமம்தான். கல் பாவிய தெரு, ஒரு சின்ன வெள்ளைத் தேவாலயம், ஆற்றின் மேல் ஆடுகிற தொங்குபாலம். கோர்த்தேஸ் வீடு என்று சொல்கிற இடிபாட்டில் கூரையே இல்லை; மரத்தின் வேர்கள் சுவரின் உச்சியிலிருந்து தரை வரை வழிந்து இறங்கி, செங்கல்லையும் பவளக் கல்லையும் விரல் விட்டுப் பிடித்திருக்கின்றன. சில இடத்தில் சுவர் விழாமல் நிற்பதே வேரால்தான்.

நான் இந்தக் கிராமத்துக்கு வந்தது அந்த வீட்டுக்காக இல்லை, 1519இல் காகிதத்தில் நடந்த ஒரு வேலைக்காக. கோர்த்தேஸை அனுப்பியவர் கியூபா ஆளுநர் டியேகோ வெலாஸ்கெஸ். கொடுத்த அதிகாரம் கரையைச் சுற்றிப் பார்க்க, பண்டமாற்று செய்ய. குடியேற அதிகாரம் இல்லை. மீறினால் கலகக்காரன், தலை போகும். அதற்கு அவர் செய்த வழி இது: கூட வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து அரசர் பெயரால் ஓர் ஊரை நிறுவினார்கள். வில்லா ரிகா தே லா வெரா க்ரூஸ் என்று பெயர் வைத்து, போர்த்தோகரேரோ, மொந்தேஹோ என்ற இருவரை நீதிபதிகளாகவும் வேறு சிலரை உறுப்பினர்களாகவும் போட்டு நகரசபை அமைத்தார்கள். அந்தச் சபை முன்னால் கோர்த்தேஸ் தன் பதவியை ராஜினாமா செய்தார். சபை கூடிப் பேசி, அரசரின் நன்மைக்காக அவரையே படைத்தலைவராகவும் தலைமை நீதிபதியாகவும் நியமித்தது. ஸ்பானிய மரபில் நகரசபைக்கு அரசரிடம் நேராகப் பேசும் உரிமை உண்டு. ஆக, வெலாஸ்கெஸ் நடுவிலிருந்து கழன்றுவிட்டார். 1519 ஜூலை 10ஆம் தேதி சபை அரசருக்குக் கடிதம் எழுதி, கிடைத்த பொன்னையும் பொருளையும் அந்த இரண்டு நீதிபதிகள் கையிலேயே கப்பலேற்றி அனுப்பியது. அந்தப் பொருள்களை ஓவியர் டியூரர் 1520இல் பிரஸல்ஸில் பார்த்து வியந்திருக்கிறார்.

இதெல்லாம் நடந்தபோது ஊர் என்று சொல்ல ஒரு வீடு கூட இல்லை என்பதுதான் என்னை ரொம்ப யோசிக்க வைக்கிறது. பாதுகாப்புக்காக ஊர் கட்டவில்லை, உரிமைக்காகக் கட்டினார்கள். ஊரார் ஆகிவிட்டால் மனை கேட்கலாம், நிலம் கேட்கலாம், கொள்ளை வெற்றியாக மாறும், கலகம் சேவையாக மாறும். முஸ்லிம் அரசுகளிடமிருந்து தெற்கு ஸ்பெயினைப் பிடித்த பல நூற்றாண்டுப் போர்களில் படித்த பாடம் இது. பிடித்த இடத்தில் ஊர், ஊருக்கு ஒரு சாசனம், வந்தவனுக்கு நிலம். கடைசியாக கிரனாடா விழுந்தது 1492இல், கொலம்பஸ் கிளம்பிய அதே வருடம்.

மதியம் செம்போவாலா. தொதோனாக் மக்களின் பெரிய நகரமாக இருந்த இடம், இப்போது புல்வெளியும் பனை இன மரங்களும் நடுவே கோயில் மேடைகளும். ஆற்றுக் கூழாங்கற்களை அடுக்கிச் சுண்ணாம்பு பூசிக் கட்டியவை. அந்தப் படையில் இருந்த சிப்பாய் ஒருவர் பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார்: முன்னால் போன குதிரைக்காரன் வெயிலில் மின்னிய பூச்சைப் பார்த்துவிட்டு, சுவரெல்லாம் வெள்ளி என்று பாய்ந்தோடி வந்து சொன்னானாம். பூச்சு உதிர்ந்து இப்போது கூழாங்கல் தெரிகிறது.

இங்குள்ள தலைவர், அப்போது நடு மெக்சிகோவை ஆண்டுகொண்டிருந்த ஆஸ்டெக்குகளுக்குக் கட்டும் கப்பத்தைப் பற்றிப் புலம்பினார். சீக்கிரமே கப்பம் வசூலிக்கிறவர்கள் ஐந்து பேர் வந்தபோது, அவர்களைப் பிடித்துக் கட்டச் சொன்னது கோர்த்தேஸ். இரவில் அதில் இருவரை ரகசியமாக அவிழ்த்துவிட்டு, நான் உங்கள் அரசருக்கு நண்பன் என்று சொல்லி அனுப்பியதும் அவர்தான். தொதோனாக்குகளுக்கு இனி திரும்பிப் போக வழியில்லை. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் செம்போவாலா நோயிலும் இடப்பெயர்ச்சியிலும் கிட்டத்தட்ட ஆளில்லாத ஊராகிவிட்டது.

த்லஸ்கலா, திங்கள்

பஸ் கடலோரச் சூட்டிலிருந்து மலையேறி, குளிர்ந்த மேட்டுநிலத்தில் இறக்கிவிட்டது. அழகான, அமைதியான சின்ன நகரம். அரசு மாளிகைச் சுவர்களில் ஊரின் வரலாறு ஓவியமாக இருக்கிறது.

த்லஸ்கலர்கள் ஆஸ்டெக்குகளிடம் அடங்காமல், நாலாபுறமும் சூழப்பட்டு, உப்புக்கும் பருத்திக்கும் கஷ்டப்பட்டு வாழ்ந்தவர்கள். கோர்த்தேஸோடு முதலில் கடுமையாகச் சண்டை போட்டார்கள், 1519 செப்டம்பரில் சமாதானமானார்கள். அந்தப் பேச்சுவார்த்தை எல்லாம் ஒரு பெண்ணின் வாய் வழியே நடந்தது. மலிந்த்சின். வழியில் தபாஸ்கோ கரையில் கோர்த்தேஸிடம் தோற்றவர்கள் கொடுத்த இருபது பெண்களில் ஒருவராக வந்தவர், ஆஸ்டெக்குகள் பேசிய நவாத்ல் மொழியும் மாயா மொழியும் தெரியும். அவர் மாயாவில் சொன்னதை, கப்பல் கவிழ்ந்து மாயாக்களோடு பல வருடம் வாழ்ந்த அகிலார் ஸ்பானிஷில் சொன்னார். அடிமையாகக் கைமாற்றிக் கொடுக்கப்பட்டவரைத் துரோகி என்று திட்டுவது எனக்கு ஒப்பவே இல்லை.

இந்த ஊரில்தான் பதின்மூன்று பாய்க்கப்பல்களுக்கான மரத்தை வெட்டித் தயார் செய்தார்கள். ஆயிரக்கணக்கான த்லஸ்கலர்கள் பலகை பலகையாகத் தோளில் சுமந்து மலையைத் தாண்டி, ஆஸ்டெக் தலைநகரைச் சூழ்ந்திருந்த ஏரிக்குக் கொண்டுபோனார்கள். 1521இல் நடந்த முற்றுகையில் ஸ்பானியர்கள் ஆயிரத்துக்குக் கீழே, கூட நின்ற உள்ளூர்ப் படைகள் பல்லாயிரம். ஸ்பானியர்கள் மெக்சிகோவை வென்றார்கள் என்று ஒரே வாக்கியத்தில் எழுதுகிறவர்கள் இங்கே ஒரு நாள் வந்துவிட்டுப் போகலாம்.

சோலுலா, புயெப்லா, செவ்வாய்

உலகத்தில் கன அளவில் ஆகப் பெரிய பிரமிடு சோலுலாவில்தான் இருக்கிறது. பார்த்தால் புல் மூடிய குன்று, உச்சியில் மஞ்சள் தேவாலயம். ஏறி நின்றால் ஒரு பக்கம் எரிமலை. கீழே சான் கப்ரியேல் மடம், கெட்சல்கோவாத்ல் என்ற தெய்வத்தின் கோயில் இருந்த இடத்தின் மேலேயே எழுப்பியது. 1519 அக்டோபரில் இந்த ஊரில் கூடிய மக்களை ஸ்பானியர்களும் கூட்டாளிகளும் வெட்டிச் சாய்த்தார்கள், ஆயிரக்கணக்கில். அதைச் சொல்லாமல் இந்த ஊரின் தேவாலய அழகைச் சொல்லக் கூடாது.

மடத்தின் பக்கத்தில் இருக்கும் அரச சிற்றாலயத்துக்கு 49 குவிமாடம். உள்ளே போனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் தூண்கள். புதிதாக ஞானஸ்நானம் பெற்ற உள்ளூர் மக்கள் கூட்டத்துக்காகவே கட்டியது. குடியேற்றத்துக்கு ஸ்பெயின் காட்டிய நியாயமே மதம்தான். 1493இல் போப் கொடுத்த ஆணை, அந்த மக்களைக் கிறிஸ்தவர்களாக்கும் பொறுப்போடுதான் அந்த நிலங்களைக் கொடுத்தது. துறவிகள் அதை மனதார நம்பினார்கள், நவாத்ல் கற்றுக்கொண்டார்கள், குடியேறிகளின் கொடுமையை எதிர்த்து எழுதினார்கள். பழைய கோயிலை இடித்ததும் அவர்கள்தான். இரண்டும் உண்மை.

பக்கத்திலேயே புயெப்லா. சாயங்காலம் நடந்து பார்த்தால் ஒரே சீரான கட்டங்கள், தெருக்களுக்குக் கூடக் கிழக்கு மேற்கு என்று எண்தான். இது பழைய ஊரின் மேல் கட்டிய ஊர் இல்லை, 1531இல் ஒரு சோதனையாகவே புதிதாக நிறுவியது.

அந்தச் சோதனை ஏன் வந்தது என்றால், ஆஸ்டெக் தலைநகர் தெனோச்தித்லான் விழுந்த பிறகு சிப்பாய்களுக்குப் பிரித்த தங்கம் கடனடைக்கவே காணவில்லை. கோர்த்தேஸ் தங்கத்துக்குப் பதில் மனிதர்களைக் கொடுத்தார். என்கோமியெண்டா என்ற ஏற்பாடு: இந்தக் கிராமங்கள் உன் பொறுப்பு, அவர்கள் உனக்குச் சோளமும் துணியும் உழைப்பும் தர வேண்டும், நீ அவர்களைக் காத்து மதம் கற்பிக்க வேண்டும். நிலம் சட்டப்படி அவர்களுடையதே, உழைப்பு மட்டும் இவனுடையது. தீவுகளில் நடந்ததைப் பார்த்து அரசர் 1523இல் வேண்டாம் என்று உத்தரவு அனுப்பினார், கோர்த்தேஸ் அதை நிறைவேற்றவில்லை. கிராமம் கிடைத்தவர்கள் பிரபு ஆனார்கள். கிடைக்காதவர்கள் வேலை வெட்டி இல்லாமல் ஊர் ஊராகச் சுற்றி, உள்ளூர் மக்களை உபத்திரவம் செய்துகொண்டிருந்தார்கள். பிரான்சிஸ்கன் துறவிகள் சொன்ன யோசனை: அவர்களுக்கென்று ஓர் ஊர் கட்டுவோம், சொந்த நிலத்தில் கோதுமை பயிரிட்டுத் தானே உழைத்துச் சாப்பிடட்டும்.

நல்ல யோசனைதான். ஆனால் அந்த ஊரைக் கட்ட ஆயிரக்கணக்கான ஆட்களை அனுப்பியது த்லஸ்கலாவும் சோலுலாவும் சுற்றியிருந்த மற்ற ஊர்களும். முதல் வருட மழையில் ஊர் வெள்ளத்தில் போய், ஆற்றின் மறுகரையில் மறுபடி கட்டினார்கள், அதற்கும் அவர்களே. குடியேறிகளின் வயலுக்கும் வீட்டுக்கும் வாராவாரம் ஆள் வந்தார்கள். உழைத்துச் சாப்பிடும் ஸ்பானியர்களுக்கான ஊர் கூட அடுத்தவர் உழைப்பில்தான் நின்றது.

இங்கே நமக்குக் கொஞ்சம் பக்கமான ஒரு விஷயமும் உண்டு. மணிலாவிலிருந்து அகாபுல்கோவுக்கு வந்த ஸ்பானியக் கப்பல்களில் ஆசியர்களையும் அடிமைகளாகக் கொண்டுவந்தார்கள். இந்தியாவில் போர்ச்சுகீசியரிடம் பிடிபட்டு, கொச்சி வழியாக மணிலா போய், அங்கிருந்து புயெப்லாவில் விற்கப்பட்ட ஒரு பெண் கதரினா தே சான் ஹுவான். பக்தியால் ஊரே அறிந்தவராகி 1688இல் இறந்தார், இயேசு சபைத் தேவாலயத்தில் அடக்கம். அங்கே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மெக்சிகோ நகரம், வியாழன்

நேற்றும் இன்றும் சேர்த்து எழுதுகிறேன், நேற்று கால் வலியில் படுத்துவிட்டேன்.

ஸொகாலோ சதுக்கம் படத்தில் பார்த்ததைவிடப் பெரிது. ஒரு பக்கம் பேராலயம், அதன் தோளோரம் தெம்ப்லோ மயோர் இடிபாடு, ஆஸ்டெக்குகளின் பெரிய கோயில். 1978 பிப்ரவரியில் மின்சார கேபிளுக்குக் குழி தோண்டிய தொழிலாளர்கள் ஒரு பெரிய வட்டக் கல்லை முட்டினார்கள். உறுப்புகள் துண்டான சந்திர தேவதை கொயொல்ஷாவ்கியின் சிற்பம். அதற்கப்புறம் பல காலனிக் கட்டடங்களை இடித்துவிட்டுத் தோண்டியதுதான் இப்போது காண்பது.

1521 ஆகஸ்ட் 13 அன்று தெனோச்தித்லான் விழுந்தபோது, நாற்றமடிக்கிற, தண்ணீர் சூழ்ந்த இந்த இடிபாட்டை விட்டுவிட்டு ஏரிக்கரையில் புதுத் தலைநகர் கட்டலாம் என்று பலர் சொன்னார்கள். கோர்த்தேஸ் கேட்கவில்லை. மக்கள் எந்த ஊரைத் தலையாக நினைத்தார்களோ அங்கேயே உட்கார வேண்டும் என்று நினைத்தார். அளந்து கட்டம் போட்டவர் அலோன்சோ கார்சியா பிராவோ. நடுவே ஸ்பானியர்களுக்கு, சுற்றிலும் நாலு வட்டாரம் உள்ளூர் மக்களுக்கு; அந்த நாலும் ஏற்கெனவே இருந்த ஆஸ்டெக் வட்டாரங்கள்தான், முன்னால் ஒரு புனிதர் பெயர் மட்டும் சேர்ந்தது. சதுக்கம் எப்படி இருக்க வேண்டும், நீளம் அகலத்தில் ஒன்றரைப் பங்காவது வேண்டும் என்றெல்லாம் இரண்டாம் பிலிப் சட்டம் போட்டது 1573இல். அதற்குள் அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான ஊர்கள் எழுந்துவிட்டன.

மொதொலினியா என்ற துறவி, இந்த மண்ணைத் தாக்கிய பத்து வாதைகள் என்று ஒரு பட்டியல் எழுதினார். முதல் வாதை பெரியம்மை. ஏழாவது, இந்த மெக்சிகோ நகரத்தைக் கட்டிய வேலை. உத்தரம் விழுந்து செத்தவர்கள், உயரத்திலிருந்து விழுந்து செத்தவர்கள், இடிக்கிற கட்டடத்தின் கீழே சிக்கிச் செத்தவர்கள். கல்லும் மரமும் அவர்களே கொண்டுவர வேண்டும், கூலி கிடையாது, சாப்பாடும் வீட்டிலிருந்து. இரவும் பகலும் பாடிக்கொண்டே இழுத்தார்கள் என்கிறார்.

பினோ சுவாரெஸ் தெருவில் ஒரு பழைய பிரபு மாளிகை, இப்போது நகர அருங்காட்சியகம். அதன் மூலையில், தரையை ஒட்டி, ஓர் ஆஸ்டெக் பாம்புத் தலையை மூலைக்கல்லாக வைத்திருக்கிறார்கள். முழங்கால் உயரம்தான். வாய் திறந்தபடி, மூக்கின் மேல் பகுதி போகிற வருகிறவர்கள் கை பட்டு வழவழவென்று இருக்கிறது. செங்கருப்பு எரிமலைக் கல் சுவர் முழுவதும் அதன் தலைமேல் நிற்கிறது. குனிந்து ரொம்ப நேரம் பார்த்தேன்.

எதிரே கொஞ்சம் தள்ளி கோர்த்தேஸ் நிறுவிய மருத்துவமனை, இன்றும் நடக்கிறது. அதை ஒட்டிய தேவாலயத்தில் பீடத்துக்குப் பக்கச் சுவரில் பெயரும் 1485, 1547 என்ற வருடங்களும் மட்டும் போட்ட ஒரு பலகை. அவர் எலும்புகள் அதற்குப் பின்னால் இருக்கின்றன.

இந்த நாட்டில் ஸ்பானியர்கள் வருமுன் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதில் ஆய்வாளர்களுக்குள் பெரிய வேறுபாடு, ஒரு கோடியில் ஆரம்பித்து இரண்டரைக் கோடி வரை போகிறது. 1600ஐத் தாண்டியபோது மிஞ்சியது பத்து லட்சத்தை ஒட்டி என்பதில் பலருக்கும் உடன்பாடு. 1520இன் அம்மைக்குப் பிறகு 1545இலும் 1576இலும் வந்த கொள்ளைநோய்கள் ஊர்களைத் துடைத்துவிட்டன. ஆள் இல்லாமல் என்கோமியெண்டா எதற்கு? 1542இன் புதுச் சட்டங்கள் அதை ஒடுக்கப் பார்த்ததைவிட, உழைக்க ஆள் இல்லாததுதான் அதை முடித்து வைத்தது.

சகதேகாஸ், சனி

நேற்று முழுக்க பஸ். பச்சை குறைந்து குறைந்து, முள்ளும் கள்ளியுமான காடு. அதன் நடுவில் ஒரு பள்ளத்தாக்கில் இளஞ்சிவப்புக் கல்லில் நகரம். வந்ததும் கண்ணில் பட்டது, கட்டம் இல்லை! தெருக்கள் வளைந்து, ஏறி, இறங்கி, படிக்கட்டாக மாறுகின்றன. 1546 செப்டம்பரில் ஹுவான் தே தொலோசா இங்கே வெள்ளித் தாது பார்த்தார், இரண்டு வருடத்தில் ஆட்கள் வந்து குவிந்தார்கள், வெள்ளி எங்கே ஓடியதோ ஊரும் அங்கே ஓடியது.

எல் எதேன் சுரங்கத்துக்குள் சின்ன ரயிலில் போகலாம். 1586இல் திறந்தது. உள்ளே குளிர், கைப்பிடிச் சுவரிலெல்லாம் ஈரம். கீழே எட்டிப் பார்த்தால் பச்சைத் தண்ணீர் நிறைந்த ஆழம். தாதுப் பையை முதுகில் கட்டி, வெட்டுப் படி போட்ட ஒற்றை மரத்தில் கால் வைத்து ஏறி வருவார்களாம். அந்த மரம் ஒன்றைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள், படி என்றால் பாதி பாதம்தான் பதியும். தாதுவை அரைத்து, உப்பும் பாதரசமும் கலந்து முற்றத்தில் பரப்பி வெள்ளியைப் பிரிக்கிற முறையை 1550களில் பச்சூகாவில் பர்தொலொமே தே மெதினா நடைமுறைக்குக் கொண்டுவந்தார். பாதரசம் ஸ்பெயினின் அல்மதேனிலிருந்து, அரசரின் ஏகபோகம். எவ்வளவு பாதரசம் விற்றது என்று பார்த்தாலே எவ்வளவு வெள்ளி எடுத்தான் என்று அரசர் கணக்குப் போட்டுவிடலாம்.

தெற்கில் செய்தது இங்கே எடுபடவில்லை. பிரித்துக் கொடுக்கக் கிராமங்கள் கிடையாது. சிச்சிமெக்குகள் என்று பொதுவாக அழைத்த நாடோடி மக்கள் வில் எடுத்தால் குறி தப்பாது, பணிய வைக்க ஓர் அரசனும் கிடையாது. சுரங்கத்துக்குத் தெற்கிலிருந்து வந்தவர்கள் பலரும் கூலிக்கு வந்தவர்கள், கூலிக்கு மேல் ஒரு பங்கு தாதுவும் எடுத்துக்கொண்டார்கள். 1550இலிருந்து நாற்பது வருடம் வெள்ளி வண்டிப் பாதையில் சண்டை. கோட்டை கட்டிப் பார்த்தார்கள், பிடித்து அடிமையாக விற்றுப் பார்த்தார்கள், சண்டை கூடியது. கடைசியில் 1580களின் முடிவில் வைஸ்ராய்கள் வழியை மாற்றினார்கள்: அடிமை பிடிப்பதை நிறுத்து, சோளமும் மாட்டிறைச்சியும் துணியும் கொடு, பக்கத்தில் குடியிரு என்று சொல். படைக்கு ஆன செலவைவிட இது குறைவு.

பக்கத்தில் குடியிருந்து காட்டப் போனது யார்? த்லஸ்கலர்கள். 1591இல் 400 குடும்பங்கள், மாட்டு வண்டிகளில். சும்மா போகவில்லை, வைஸ்ராயிடம் பேரம் பேசி எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள்: எங்களுக்கும் எங்கள் வாரிசுகளுக்கும் கப்பம் கிடையாது, கட்டாய வேலை கிடையாது, குதிரை ஏறலாம், ஆயுதம் வைக்கலாம், ஸ்பானியர்களோடு கலக்காமல் எங்களுக்குத் தனிக் குடியிருப்பு, தனி நகரசபை. சால்டில்லோவில் ஸ்பானிய ஊரை ஒட்டி அவர்கள் நிறுவிய சான் எஸ்தெபான் 1800களிலும் தனிச் சபையோடு இருந்தது. வெராக்ரூஸ் மணலில் கோர்த்தேஸ் எழுதிய அதே வகைக் காகிதத்தை எழுபது வருடத்துக்குப் பிறகு த்லஸ்கலர்கள் தங்களுக்காக எழுதி வாங்கியிருக்கிறார்கள், அதைக் காட்டி நீதிமன்றத்தில் தலைமுறை தலைமுறையாக வாதாடியும் இருக்கிறார்கள்.

வடக்குப் பாதை இங்கேயும் நிற்கவில்லை. இந்த ஊரை நிறுவிய நால்வரில் ஒருவரான கிறிஸ்தோபல் தே ஒன்யாதேவின் மகன் ஹுவான், 1598இல் குடும்பங்களும் மாடுகளும் வண்டிகளுமாக ரியோ கிராந்தே ஆற்றைத் தாண்டி நியூ மெக்சிகோவில் குடியேற்றம் அமைத்தார், சொந்தச் செலவில், அரசரின் அனுமதிப் பத்திரத்தோடு. அவர் மனைவி இசபெல், கோர்த்தேஸுக்குப் பேத்தி, ஆஸ்டெக் அரசர் மொக்தெசுமாவுக்குக் கொள்ளுப்பேத்தி.